ஒளிந்திருப்பதுதான் பலம், கேட்க முடிவதுதான் காவல்

மணவூரிலிருந்து மேற்கே சில ரயில் நிலையங்கள் தாண்டினால் அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தின் பி-8ஐ விமானங்கள் 2013 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறக்கின்றன. ஒலி வாங்கும் மிதவைகளைக் கடலில் போட்டு, ஆழத்தில் நகர்வதை ஓசையால் கண்டுபிடிக்கும் வேலை. இத்தனை வசதியிருந்தும், பெருங்கடலில் ஒரு நீர்மூழ்கி சிக்குவது அரிது. அணு ஏவுகணைகளை இந்தியா கடலுக்கடியில் கொண்டுபோனதற்கு அதுவே காரணம். அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று 2003-ல் எழுத்தில் அறிவித்த நாட்டுக்கு, எதிரியின் முதல் அடிக்குப் பிறகும் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்ச வேண்டும். விமான ஓடுதளம் இருக்குமிடம் எதிரிக்குத் தெரியும்; மூழ்கிய கப்பல் இருக்குமிடம் தெரியாது. டீசல் நீர்மூழ்கி மின்கலத்தை ஏற்றக் காற்று தேடி அடிக்கடி மேற்பரப்பை ஒட்டி வந்தாக வேண்டும். அணு உலைக்குக் காற்றே தேவையில்லை. கல்பாக்கத்தில் நிலத்தின்மேல் மாதிரி உலையை ஓட்டிப் பார்த்துத்தான் அணு நீர்மூழ்கியான அரிஹந்த் உருவானது. 2018 நவம்பரில் அதன் முதல் தடுப்பு ரோந்து முடிந்ததாக அரசு அறிவித்தது. அடுத்த கப்பலான அரிகாத் 2024 ஆகஸ்டில் சேர்ந்தது.

அரிஹந்தின் கே-15 ஏவுகணை 750 கிலோமீட்டர்தானே போகும், எதிரியின் கரையை நெருங்கினால் ஒளிவு என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 3,500 கிலோமீட்டர் பாயும் கே-4 இருந்தால்தான் வங்கக் கடலில் இருந்தபடியே காக்க முடியும். இதைவிடக் கனமானது இன்னொரு கேள்வி: டெல்லிக்கு எட்டாத ஆழத்தில் சிலர் கையில் அணுகுண்டைக் கொடுக்கலாமா? 1962 அக்டோபர் 27 அன்று கியூபா அருகே மாஸ்கோவோடு தொடர்பற்றிருந்த சோவியத் நீர்மூழ்கி பி-59, போர் மூண்டுவிட்டதென்று எண்ணி அணு டார்ப்பிடோவை ஏவும் நிலைக்குப் போனது. அதிலிருந்த மூத்த அதிகாரி வசீலி அர்க்கிப்பொவ் தடுத்தார் என்று உடனிருந்த இன்னொரு அதிகாரி பின்னாளில் சொன்னார். ஆகவே கப்பல்களின் எண்ணிக்கையைவிடத் தகவல் தொடர்பே முக்கியம் என்பேன். பிரதமர் தலைமையிலான குழுவின் ஆணையின்றி ஏவக்கூடாது என்ற விதி, அந்த ஆணை போய்ச் சேர்ந்தால்தான் காக்கும். நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் மிகத் தாழ்ந்த அலைவரிசை கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கும். கப்பல் மேலே வராமலே கேட்கலாம், பதில் அனுப்ப இயலாது. அந்த ஒரு நிலையம் தாக்கப்பட்டால் என்ன செய்வது? தெலங்கானாவின் விகாராபாத்தில் இரண்டாவதற்கு 2024 அக்டோபரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். தாமகுண்டம் காட்டு மரங்களுக்காக அங்கே எழுந்த எதிர்ப்புக்கும் அரசு பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.