தலைக்காயம்: மருத்துவமனை முதல் தீர்ப்பாயம் வரை

இரவுப் பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பும் காவலாளி, விடியற்காலையில் பால் வாங்கச் சாலையைக் கடக்கும் முதியவர், அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பதினோராம் வகுப்பு மாணவி: சென்னை போன்ற பெருநகரில் தலைக்காயத்துடன் எங்களிடம் கொண்டுவரப்படுவோருள் இத்தகையோர் பலர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

உயிர் பிழைத்தோரின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டு மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது அவர்களது குடும்பத்தார் எங்களிடம் கூறும் ஒரு சொல் உண்டு: "ஆள் பிழைத்துவிட்டார் டாக்டர், ஆனால் பழைய ஆளாக இல்லை." அச்சொல் வரும் வேளையில், பல குடும்பங்கள் வண்டி உரிமையாளர் கொடுத்த சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, "சமாதானமாகப் போய்விட்டோம்" என்று கையெழுத்திட்டு முடித்திருக்கின்றன. காயத்தின் முழு அளவு தெரியவருமுன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

காயம் எவ்வாறு நிகழ்கிறது

நடந்து செல்பவர் மீது கார் மோதும்போது முதல் அடி காலில் விழுகிறது. உடல் வண்டியின் முன்மூடியின் மீது தூக்கி எறியப்படுகிறது. தலை முன்கண்ணாடியிலோ, பின்னர் சாலையிலோ மோதுகிறது. ஆகவே, கால் எலும்பு முறிவுடன் வருபவருக்குத் தலையில் வெளிக்காயம் இல்லாவிடினும் மூளையைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

மூளைக் காயத்தின் கடுமையை நினைவுநிலை அளவுகோல் ஒன்றால் மதிப்பிடுகிறோம். அதன் மதிப்பெண் 3 முதல் 15 வரை. 13 முதல் 15 வரை இலேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரமானது, 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. "இலேசான காயம்" என்று வீட்டுச் சீட்டில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு குடும்பத்தார் நிம்மதி அடைகின்றனர். அச்சொல் விபத்து நடந்த நாளின் நினைவுநிலையைக் குறிக்கிறதே தவிர, பின்விளைவுகளைக் குறிப்பதன்று.

மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, நோயாளி சில மணி நேரம் தெளிவாகப் பேசியிருந்துவிட்டுத் திடீரென நினைவிழக்கலாம். முதியோருக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கும், மூளையின் மேற்பரப்பில் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தே அறிகுறி காட்டலாம். தலைவலி கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மிகுந்த உறக்கம், ஒரு பக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்து வருக.

ஸ்கேனில் தெரியாத இழப்பு

மூளையின் நரம்பு இழைகள் அதிர்ச்சியால் அறுபடும்போது சி.டி. ஸ்கேன் இயல்பாகவே தோன்றக்கூடும். ஆனால் மறதி, கவனக்குறைவு, எளிதில் சினம், உறக்கமின்மை, மணம் அறியாமை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நாளடைவில் வெளிப்படும். கணக்கு எழுதியவர் எளிய கூட்டலில் தடுமாறுவார். அமைதியாக இருந்தவர் பிள்ளைகள் மீது கை ஓங்குவார். அக்கம்பக்கத்தார் "வேலைக்குப் போகச் சோம்பல்" என்பார்கள். அது சோம்பலன்று, காயத்தின் விளைவு.

இழப்பீட்டு வழக்கில் இத்தகைய இழப்பு மெய்ப்பிக்கப்பட வேண்டும். கைகால் இழப்பைத் தீர்ப்பாயம் நேரில் காண்கிறது. நினைவாற்றல் இழப்பை அவ்வாறு காண இயலாது. மருத்துவப் பதிவே அதற்குச் சாட்சி. ஆகவே மறுபரிசோதனைக்கு வரும்போது மாற்றங்களை எங்களிடம் கூச்சமின்றிக் கூறுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வந்தால் மேலும் நன்று. தேவைப்படின் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் உளவியல் மதிப்பீட்டுக்கும் பரிந்துரைப்போம். நீங்கள் கூறாதது எங்கள் கோப்பில் இராது. கோப்பில் இல்லாததைத் தீர்ப்பாயத்தின் முன் நிறுவுதல் அரிது.

முதல் நாட்களில் செய்யவேண்டியவை

விபத்து நடந்தவுடன் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதன்படி, திட்டத்தில் இணைந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்கீழ், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கட்டணமில்லாச் சிகிச்சை பெற வழியுண்டு.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் விவரம் பதியப்படும்போது, என்ன நேர்ந்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். கார் மோதியதை, "வழக்கு வேண்டாம்" என்று எண்ணி, "தானாக விழுந்தார்" என்று எழுதச் சொல்வோர் உண்டு. அந்த ஒரு வரி பின்னர் இழப்பீட்டுக்கே தடையாக நிற்கும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் படி, வண்டியின் பதிவு எண், கண்டவர்களின் முகவரி ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றுமாறு காவல்துறையிடம் உடனே எழுத்து மூலம் கோருங்கள். மருந்துச் சீட்டு, ரசீது, ஸ்கேன் படம், வீட்டுச் சீட்டு ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் பாதுகாத்து வையுங்கள்.

சட்டம் தரும் வழிகள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவின்படி, ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவி, இழப்புக்கேற்ற முழு இழப்பீட்டைக் கோரலாம். இதற்கு உச்சவரம்பு இல்லை. 2019-இல் செய்யப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்யவேண்டும் என்கிறது. காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டிய கடமை உண்டெனினும், அதனை மட்டும் நம்பியிராமல் குடும்பத்தார் தாமே மனு அளிப்பது பாதுகாப்பானது. நோயாளி முற்றிலும் குணமடையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவச் சான்றுகளைப் பின்னரும் அளிக்கலாம். விபத்து நடந்த ஊரிலோ தாம் வசிக்கும் ஊரிலோ மனு அளிக்கலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இத்தீர்ப்பாயம் இயங்குகிறது.

164-ஆம் பிரிவின்படி, யார் மீதும் தவறை நிறுவாமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின் கீழான மனு அற்றுப்போகும். வாழ்நாள் முழுதும் பராமரிப்பு வேண்டிய மூளைக் காயத்துக்கு 2.5 லட்சம் போதுமா என்று வழக்கறிஞரிடம் கலந்தாலோசித்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

மோதிய வண்டி எதுவெனத் தெரியாத நிலையில், அரசுத் திட்டத்தின்கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும். விபத்து நடந்த பகுதியின் வருவாய்த்துறை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

"பாதசாரிக் கோட்டில் கடக்கவில்லை, ஆகவே எங்கள் மேல்தான் தவறு" என்று தாமே தீர்மானித்து ஒதுங்கிவிடும் குடும்பங்களும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் பங்குத் தவறு மெய்ப்பிக்கப்பட்டால் இழப்பீடு அதற்கேற்பக் குறையலாம். ஓட்டுநரும் கவனக்குறைவாக இருந்திருப்பின், அக்காரணத்தால் மட்டும் கோரிக்கை முற்றாக மறைந்துவிடாது.

இழப்பை அளக்கும் முறை

உச்ச நீதிமன்றம் 2010-இல் வழங்கிய தீர்ப்பொன்றில், மருத்துவர் தரும் ஊன விழுக்காடும் ஒருவரது வருவாய் ஈட்டும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று தெளிவாக்கியது. கையில் சிறு ஊனம் எழுத்தருக்குத் தரும் இழப்பு வேறு, தச்சருக்குத் தரும் இழப்பு வேறு. ஆகவே நோயாளி விபத்துக்கு முன் செய்த வேலை யாது, இப்போது அதில் எதனைச் செய்ய இயலவில்லை என்பதைத் தெரிவியுங்கள். எங்கள் சான்றிதழில் அதனைக் குறிக்க முயல்வோம்.

2020-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, பன்னிரண்டு வயதில் சாலை விபத்தில் மூளை பெரிதும் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றியது. அவளைக் கவனித்துக்கொள்ள வாழ்நாள் முழுதும் ஆட்கள் வேண்டும் என்பதை ஏற்ற நீதிமன்றம், இருவர்க்கான மாத ஊதியத்தைக் கணக்கிட்டு, பராமரிப்புக்கென மட்டும் 21.6 லட்சம் ரூபாய் வழங்கியது. தாயோ மனைவியோ வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து செய்யும் பணிக்கும் மதிப்புண்டு. அதனையும் மனுவில் கோர மறவாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தார் மற்றும் பழங்குடியினர், குறைந்த வருவாயினர் ஆகியோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவச சட்ட உதவி பெறலாம். அழைக்கவேண்டிய எண் 15100.

காயத்தை நாங்கள் ஆற்ற முயல்கிறோம். எனினும் சில இழப்புகள் ஆறுவதில்லை. அவற்றோடு குடும்பம் கண்ணியமாக வாழ்வதற்குரிய வழியே இழப்பீடு. அதனைக் கேட்பது பேராசையன்று. அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது கோப்பையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள்.