ஏணி இருக்கு, ஏறி வாங்க!

சோலார் பேனல் வைத்த வீட்டைத் தெருவில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்போம். அதை மாட்டுகிற அன்றைக்கு மொட்டை மாடியில் என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! இடம் சிவகாசி. வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பைக் கழற்றாமல் என் பின்னாலேயே வாருங்கள். பத்து மணிக்கே தட்டோடு கொதிக்கிறது.

முதலில் மாடியைக் காலி செய்யும் படலம். மேலே ஒரு கிட்டங்கியே இருக்கிறது! கால் போன கட்டில், அச்சகத்திலிருந்து வந்து மிஞ்சிப்போன காலண்டர் கட்டு, துருப்பிடித்த சைக்கிள், சுளகு நிறைய மோர் மிளகாய். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். இங்கே 3 கிலோவாட், ஆக 300 சதுர அடி. "அப்ப என் வத்தல எங்கிட்டுக் காயப்போட?" என்று சுளகை இடுப்பில் அணைத்தபடி வழிமறிக்கிறார் ஃபோர்மேனின் மனைவி. "உங்களுக்கு இல்லாத வெயிலா பெரியம்மா?" என்று பேனல் மாட்ட வந்த பையன்கள் சமாதானம் பேசுகிறார்கள். பஞ்சாயத்து முடிவில் கிழக்கு மூலை பெரியம்மாவுக்கு என்று தீர்ப்பாகிறது.

அடுத்தது நிழல் வேட்டை. குழுவை நடத்தும் தம்பி, தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுகிறார். "இப்ப குட்டையாத் தெரியுது. மார்கழியில சூரியன் தெக்க சாயும்போது இதே நிழல் வடக்க நீளும்ணே." பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே விளைச்சல் அடிவாங்குமாம். அளந்து வைத்த இடத்தை அழித்துவிட்டு எல்லாவற்றையும் வடக்கே தள்ளுகிறார்கள். சாக்பீஸ் தூள் அவர் மீசைவரை அப்பியிருக்கிறது. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை!

இதோ, கதாநாயகர்கள் வருகிறார்கள். ஆறு பேனல்கள், ஒவ்வொன்றும் 7 அடிக்கு மேல் நீளம், 25 கிலோவுக்கு மேல் எடை. படிக்கட்டுத் திருப்பத்தில் முதல் பேனலே சிக்கிக்கொள்கிறது. "மாப்ள, உன் பக்கம் சாய்டா!" "என் பக்கம் சுவருடா!" எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் பல் துலக்கியபடியே ஓடிவந்து ஒரு கை கொடுக்கிறான். ஆறாவது மேலே வரும்போது சட்டைகளைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும்.

சட்டங்கள் தெற்குப் பார்த்துச் சாய்வாக நிற்கின்றன. நமது ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் 10 டிகிரி சாய்வே போதும். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை இருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குகிறார்கள். சிவகாசி வெயிலுக்குப் பேனல் குஷியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? "வெளிச்சந்தாண்ணே அதுக்குச் சாப்பாடு. சூடு ஏறுச்சுன்னா நம்மள மாதிரியே சோந்துரும்" என்கிறார் தம்பி. அடியில் காற்றோட இடம் விடுவதும் அதற்காகத்தான். சாத்தூர் சேவும் டீயும் வர, அந்த நிழலில் முதல் ஆளாக உட்கார்ந்தது பெரியம்மா!

எர்த் குழியில்தான் ஃபோர்மேன் அண்ணாச்சி களத்தில் குதிக்கிறார். மருந்தோடு வாழ்நாளைக் கழித்தவர். ஒரு பொறி என்ன செய்யும் என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரியும் உப்பும் கொட்டும்போது குனிந்து நின்று பார்க்கிறார். "இன்னும் ஆழமாத் தோண்டு தம்பி." "போதும் அண்ணாச்சி, அளவு சரியா இருக்கு." "எங்க ஆலையில இப்படிச் சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்." பையன்கள் சிரித்துக்கொண்டே மறுபடியும் கடப்பாரையை எடுக்கிறார்கள்.

மாலை வெயிலில் இன்வெர்ட்டர் சோதனைக்கு உயிர்பெற, எல்லோரும் கைதட்டுகிறார்கள். கல்லூரிப் பையன் கேட்கிறான்: "அப்ப கரண்ட் போனாலும் ஏசி ஓடும்ல?" ஓடாது! பேட்டரி இல்லாத இந்த வகையில், லைனில் கரண்ட் போனால் இதுவும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் வீட்டு மின்சாரம் வெளியே போய், கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேனைத் தாக்கிவிடுமே! பையன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் மின்வாரியத்தார் வந்து நெட் மீட்டர் மாட்ட வேண்டும். போகிற யூனிட், வருகிற யூனிட் இரண்டையும் அதுதான் கணக்கெழுதும். நல்ல வெயிலில் இந்த மாடி நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின்படி 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வேலை முடிந்து, சரிபார்த்த பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும். ஆகவே தொடங்கும்போதே முழுத் தொகைக்கு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்குமுன் ஒரு கேள்வி கேட்காமல் விடுவேனா? "தீபாவளிக்கு ராக்கெட் வந்து விழுந்தா?" ஆலங்கட்டி மழைக்கே அசராத கெட்டிக் கண்ணாடி என்று தம்பி ஆரம்பிக்கிறார். அண்ணாச்சி கையமர்த்துகிறார்: "எங்க ஊரு ராக்கெட் நேரா மேலதான் போகும். பாட்டில்ல சாச்சு வச்சு விடுறவன் வெளியூர்க்காரன்!"