பல கை எழுதும் நிரல்

காரியவட்டம் வளாகத்திலுள்ள நம் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தை இன்னும் கண்டிராத நண்பர்கள் ஒருமுறை சென்று காணல் வேண்டும். 60,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே உள்ளன. பழைய தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பது அரிது. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். சொல்லுக்குச் சொல் இடமும் விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே ஒரே நூலின் இரண்டு ஏடுகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர், "இது பாட வேறுபாடா, ஏடெழுதினவரின் கைப்பழக்கமா?" என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டாக வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று.

அவ்வளாகத்துக்கு அருகிலேதான் 1990-இல் டெக்னோபார்க் எழுந்தது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுகின்ற அங்குள்ளோர்க்கும் இதே கேள்வி உண்டு என்றால் சிலர் வியக்கக்கூடும். அதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

இன்று ஒரு நிரலை ஒருவரே எழுதுவது குறைவு. பலர் எழுதுவர், ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவர். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைக் கணக்காக வைத்திருக்க 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உண்டாக்கிய 'கிட்' போன்ற கருவிகள் உள்ளன. பழைய படியையும் புதிய படியையும் வரிக்கு வரி ஒப்பிட்டு அது காட்டும். ஆனால் அதற்குப் பொருள் தெரியாது. வரியின் தொடக்கத்தில் ஒருவர் நான்கு இடம் விட்டிருக்க, மற்றொருவர் அதை அழித்து ஒரு டேப் இட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கோ அது மாறிய வரி.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் விடுதி உணவுக் கணக்குக்குப் பைதான் மொழியில் ஒரு நிரல் எழுதினோம். ஊருக்குப் போன நாட்களைக் கழிக்கும் வரியில் ஒரு பிழை. நண்பர் ஒருவர் திருத்த அமர்ந்தார். அவருடைய எழுதுகருவி சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் தன் விருப்பப்படி அடுக்கிவிட்டது. ஏறத்தாழ 900 வரிகள் மாறியதாகக் கணக்கு வந்தது. 900 வரிகளை யார் படிப்பார்? "சரி" என்று ஏற்றுக்கொண்டோம். அவற்றுள் ஓரிடத்தில் 'குறைவு' என்னும் குறி 'குறைவு அல்லது சமம்' என்று கைதவறி மாறியிருந்தது. ஊருக்குப் போனவர் எல்லார் தலையிலும் ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக விழுந்தது! அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. நண்பரை நான் குறை சொல்லேன். முன்னரே ஒரு முறையை வகுத்துக்கொள்ளாதது எங்கள் நால்வர் குற்றம்.

எங்கள் கதை சாப்பாட்டோடு போயிற்று. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பெரும் பிழையைத் திருத்த நேர்ந்தது. சி மொழியில், அடைப்பு இடாவிட்டால், நிபந்தனை அடுத்த ஒரே கட்டளையைத்தான் கட்டுப்படுத்தும். அங்கே "கோட்டு ஃபெயில்" என்னும் கட்டளை தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரியும் நிபந்தனைக்கு உட்பட்டதுபோல உள்தள்ளி நின்றது. உண்மையில் அது எப்போதும் நடைபெறும். அதனால் மறைகுறி இணைப்பில் மறுமுனையின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படியே நடக்காமற் போயிற்று. உள்தள்ளல் கண்ணை ஏமாற்றியது. 2016-இல் வந்த ஜிசிசி 6 இவ்வகை உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கியது.

எத்தனை இடம் விடுவது? லினக்ஸ் கருவில் உள்தள்ளலுக்கு டேப். அதன் அகலம் எட்டு. பைதான் வழிகாட்டி நான்கு இடம் என்கிறது. இதைப் பற்றி வாதிடுவது இலைக்கு எந்தப் பக்கம் உப்பு வைப்பது என்று பந்தியில் சண்டையிடுவது போலத்தான். 2009-இல் வெளியான கோ மொழியினர் வாதத்தையே ஒழித்தனர். அடுக்கும் வேலையைக் 'கோஃப்ம்ட்' என்னும் கருவியிடம் விட்டனர். பைதானுக்கு 2018-இல் 'பிளாக்' வந்தது. மனிதர் சொன்னால் மனத்தாங்கல். இயந்திரம் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை!

பழைய நிரலை அடுக்கும்போது ஒன்று கருத வேண்டும். அடுக்கலும் திருத்தமும் ஒரே மாற்றத்தில் கலத்தல் ஆகாது. அடுக்கலைத் தனி மாற்றமாகச் செய்து, அதன் எண்ணை ஒரு கோப்பில் குறித்து வைத்தால், வரியை எழுதியவர் யார் என்று தேடும்போது அம்மாற்றத்தைத் தாண்டிச் செல்லச் சொல்லலாம். 2019 முதல் கிட் இவ்வசதியைத் தருகிறது.

தமிழ் எழுதும் நமக்குத் தனித் தொல்லை ஒன்றும் உண்டு. 'கொ' என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்த்தும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் ஒரே எழுத்து; உள்ளே வேறு. மலையாளத்திலும் 2008-இல் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு வந்தபின் இதே நிலை. நிரலில் தமிழ்ச் சொல் வருமாயின் இதற்கும் ஒரு முறை வகுத்தல் வேண்டும். பிளாக் இதைக் கவனிப்பதில்லை.

எங்கள் உணவுக் கணக்கையும் இவ்வாண்டு பிளாக்கிடம் ஒப்படைத்தோம். அது இரட்டை மேற்கோள் குறியே இடுகிறது. எனக்கு ஒற்றைதான் பிடிக்கும், நண்பருக்கும் அப்படியே. ஆறு மாதமாக அதைப் பற்றி யாரும் பேசவில்லை.