3 லட்சம் பேக்கேஜ், கையில் 75 ஆயிரம்: சின்ன பட இசையமைப்பாளரின் கணக்கு

கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் முடிச்சிருப்பீங்க. ஹாஸ்டல் ரூம்ல லேப்டாப்பை வச்சு ஃப்ரெண்டோட குறும்படத்துக்கு மியூசிக் போட்டிருப்பீங்க. இப்போ சென்னையில வேலை, மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம். தீபாவளிக்கு பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கும்போது அந்தப் பழைய ஃப்ரெண்டு வந்து, "மாப்ள, படம் பண்றேன்டா, நீதான் மியூசிக்" அப்படின்னு சொல்றான். வேலையை விடலாமா?

முடிவு உங்களோடது. அதுக்கு முன்னாடி பணம் எந்த வழியா வருது, எங்கே கசியுதுன்னு பார்த்துடுவோம்.

இந்த ஊர்ப் பக்கத்துல இருந்து போய் ஜெயிச்சவங்க இருக்காங்க. மதுரைக்காரர் ஜஸ்டின் பிரபாகரன் குறும்படங்களுக்கு இசையமைச்சுதான் தொடங்கினார். 'பண்ணையாரும் பத்மினியும்' (2014) அருண்குமாரோட குறும்படம் பெரிய படமா வளர்ந்தது. ஜஸ்டினுக்கு அதுதான் முதல் சினிமா. டிவி வழியா வந்தவர் டி. இமான். சீரியல்களுக்கு இசை போட்டவர், 'தமிழன்' (2002) மூலமா சினிமாவுக்கு வந்தார். நடுவுல 'திருவிளையாடல் ஆரம்பம்' மாதிரி ஹிட் இருந்தாலும், அவரை முன்வரிசையில உட்கார வச்சது 'மைனா' (2010)ன்னுதான் நான் சொல்வேன். எண்ணிப் பாருங்க, எட்டு வருஷம். 'விஸ்வாசம்' படத்துக்கு தேசிய விருது அதுக்கும் ரொம்பப் பின்னாடி. உங்க எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்குத்தான் இருக்கும், அதுவும் இருந்தா!

இப்போ பேக்கேஜ். சின்ன படத்துல தயாரிப்பாளர் ஒரு மொத்தத் தொகை பேசுவார். பாடகர், வாத்தியக்காரர், ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங் எல்லாம் அதுக்குள்ள. ஒரு உதாரணத்துக்கு 3 லட்சம்னு வச்சுக்குங்க (இது நானே போட்ட எண், மார்க்கெட் ரேட் இல்லை). பாடகர்களுக்கு 40,000, நாதஸ்வரம், வயலின்னு லைவா வாசிக்கிறவங்களுக்கு 60,000, ஸ்டுடியோ 50,000, மிக்ஸிங், மாஸ்டரிங் 45,000. ஆக 1,95,000 போச்சு. மீதி 1,05,000. ஏழு மாச வேலைன்னா மாசம் 15,000.

அதுவும் உடனே கைக்கு வராது. தயாரிப்பாளர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். எதுல? உங்க மீதியில இல்லை, மொத்த 3 லட்சத்துல. 30,000 அங்கேயே நின்னுடும். கையில இருக்கிறது 75,000. ரிட்டர்ன் ஃபைல் பண்ணி, வர வேண்டியது இருந்தா அப்புறமா வரும்.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. பாடகர், ஸ்டுடியோ பில்லையெல்லாம் தயாரிப்பாளரே நேரா கட்டட்டும், எனக்கு என் ஃபீஸ் மட்டும் போதும்னு பேசுங்க. அப்போ உங்க பேர்ல வர்ற வரவு 1,05,000 தான், டிடிஎஸ் 10,500 தான். நைட் கூடுதலா ரெண்டு மணி நேரம் ஸ்டுடியோ ஓடினாலும் அந்தச் செலவு உங்க தலையில விழாது. "பட்ஜெட் தாண்டிடும்"னு தயாரிப்பாளர் இழுப்பார். இழுக்கட்டும், அந்தப் பயம் இத்தனை நாள் உங்களோடதா இருந்தது.

மாறாக, முழு 3 லட்சமும் உங்க வரவா வந்து, 44ஏடிஏன்னு பலருக்குப் பழகின அனுமான வருமான முறையில காட்டினா, பாதியை, அதாவது ஒன்றரை லட்சத்தை, வருமானம்னு காட்டணும். நிஜத்துல மிஞ்சினது 1,05,000 தானே? அதைவிடக் குறைச்சுக் காட்டணும்னா கணக்குப் புத்தகம், ஆடிட் எல்லாம் தேவைப்படும். அதனால எல்லா யூபிஐ ரசீதையும் எடுத்து வச்சுட்டு ஒரு ஆடிட்டர்கிட்ட ரெண்டு வழியையும் கணக்குப் போட்டுக் கேளுங்க. சம்பளம் மட்டும் இருந்தப்போ போட்ட ஐடிஆர்-1 இனி செல்லாது.

இதுவரைக்கும் பேசினது ஒரு தடவை வர்ற காசு. பெரிய விஷயம் ராயல்டி.

1977ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு: காசு கொடுத்து இசை போடச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல உரிமை தயாரிப்பாளருக்கு. 35 வருஷம் இதுதான் நடைமுறை. 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. உரிமையையே எழுதிக் கொடுத்தாலும், தியேட்டர்ல படம் ஓடுறதைத் தவிர்த்த மற்ற பயன்பாடுகளுக்கு (டிவி, ரேடியோ, ஆன்லைன்) வர்ற ராயல்டியில, உரிமை வாங்கினவரோட சம பங்கு பெற உங்களுக்கு உரிமை உண்டு. வாரிசுக்கும், காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர அதை வேற யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததா ஒப்பந்தத்துல எழுதியிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது.

இது ஏன் டிவிக்காரங்களுக்கு முக்கியம்? 'கோலங்கள்' சீரியலை எடுத்துக்குங்க. டைட்டில் பாட்டு இமானோடது. 2003ல இருந்து 2009 வரைக்கும் 1,533 எபிசோட். ஒரு பாட்டு, ஒரு தடவை ரெக்கார்டிங், ஆயிரத்தஞ்சூறு தடவைக்கு மேல ஒளிபரப்பு. இன்னைக்கு அப்படி ஒரு டைட்டில் பாட்டு நீங்க போட்டா, ஃபீஸைவிட ஒளிபரப்புக் கணக்குதான் பெருசா நிக்கலாம்.

ஆனா சட்டத்துல இருக்குங்கறதுக்காக காசு தானா அக்கவுண்ட்ல விழாது. வசூல் பண்ணிப் பிரிச்சுக் கொடுக்கிறது ஐபிஆர்எஸ். 1969ல தொடங்கின சங்கம், புதுச் சட்டப்படி 2017ல மறுபதிவு ஆச்சு. நீங்க மெம்பர் ஆகணும், ஒவ்வொரு பாட்டையும் உங்க பேர்ல பதிவு பண்ணணும். பின்னணி இசைக்கு க்யூ ஷீட் வாங்கி வைங்க: எந்தக் காட்சியில, எந்த இசை, எத்தனை செகண்ட், யார் போட்டதுன்னு ஒரு பட்டியல். அமெரிக்காவுல டிவி இசையமைப்பாளர்களுக்குப் பணம் வர்றதே இந்த ஷீட்டை வச்சுத்தான். இங்கே சின்ன படங்கள்ல இதை யாரும் கேட்கறதில்லை. எடிட் லாக் ஆன வாரத்துலயே நீங்களே ஒரு எக்செல்ல போட்டு, தயாரிப்பாளருக்கு மெயில் அனுப்பிடுங்க.

பேமெண்ட்டை மூணாப் பிரிங்க: அட்வான்ஸ், பாட்டு முடிஞ்சதும், ஃபைனல் மிக்ஸ் கொடுக்கும்போது. கடைசித் தவணை "ரிலீஸுக்கு அப்புறம்"னு எழுதவே விடாதீங்க. ரிலீஸே ஆகாம ஹார்ட் டிஸ்க்ல தூங்கற படங்கள் ஏகப்பட்டது. தனித்தனி டிராக் ஃபைல்களை முழுப் பணம் வந்தப்புறம்தான் அனுப்பணும்.

வேலையில இருந்துகிட்டே செய்யறீங்கன்னா, உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வெளி வேலைக்கு அனுமதி வேணுமா? பணியில இருக்கும்போது நீங்க உருவாக்குறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு ஒரு பிரிவு இருக்கா? கம்பெனி லேப்டாப்ல ஒரு பீட் கூடப் போடாதீங்க.

இசைக்கான காப்புரிமை நீங்க இருக்கிற வரைக்கும், அதுக்கு மேல இன்னும் 60 வருஷம். டேர்ம் இன்ஷூரன்ஸுக்கும் பிஎஃப்புக்கும் நாமினி போட்டிருப்பீங்க. பாட்டுக்கான ராயல்டி யாருக்குன்னு உயில்ல ஒரு வரி சேர்க்க ஆகப்போறது பத்து நிமிஷம்.