முன்பின் அறியாதவரிடம் துப்பாக்கியை ஒப்படைக்கலாமா?

கூட்டுறவு இயக்கம் பரஸ்பர நம்பிக்கை என்னும் அஸ்திவாரத்தின்மேல் நிற்பது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம், எழுதுகிறோம். அந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நினைவூட்டும் கேள்வி ஒன்று அண்மையில் என்னிடம் கேட்கப்பட்டது. காட்டை அடுத்து நிலம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் எனக் கருதி, அதனை இங்கு எழுதலானேன்.

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடிந்து திண்ணையில் அமர்ந்திருக்கையில், நிர்வாகக் குழுவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். அவர் நிலக்கடலை பயிரிடுபவர்.

"மகள் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் வெளியூர் போகிறேனுங்க. பயிர்க் காவலுக்கு லைசென்சுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. போன மாதம் காவலுக்கு வந்த ஆள் நல்லவனாகத் தெரிகிறான். அவனிடம் கொடுத்துவிட்டுப் போகலாமுங்களா?"

"ஐயா, அந்த ஆள் நம் சங்கத்தில் 5,000 ரூபாய் கடன் கேட்டால் கொடுப்பீர்களா?" என்றேன்.

"அதெப்படிங்க? அவன் அங்கத்தினன் இல்லை. சொந்த ஊர் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஜாமீன் போட யார் இருக்கிறார்கள்?" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். தம் கேள்விக்குரிய விடையைத் தாமே சொல்லிவிட்டதை அவர் உணர்ந்துகொண்டார்.

சங்கத்தில் நாம் ஒருவரை நம்புவது முகத்தைப் பார்த்து அன்று. நெசவாளர் எவ்வளவு நாணயமானவராயினும், நூலை நிறுத்துப் பார்த்து, புத்தகத்தில் பதிந்தே கொடுக்கிறோம். விவசாயி எவ்வளவு வேண்டியவராயினும், பத்திரம் எழுதியே பயிர்க் கடன் வழங்குகிறோம். இவையெல்லாம் சந்தேகத்தின் அடையாளங்கள் அல்ல. நம்பிக்கையைக் காக்கும் வேலிகள். திரும்பாத கடனால் வரும் நஷ்டத்தைக் காலப்போக்கில் ஈடு செய்துவிடலாம். தகாத கைக்குப் போன துப்பாக்கியால் விளையும் நஷ்டத்தை எந்தச் சங்கத்தாலும் ஈடு செய்ய முடியாது.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. பயிர்ப் பாதுகாப்பிற்காக, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு பெற இச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த லைசென்சு நிலத்துக்கு அளிக்கப்படுவது அன்று. குடும்பத்துக்கு அளிக்கப்படுவதும் அன்று. குறிப்பிட்ட ஒரு நபருக்கே அளிக்கப்படுவது. ஏரையோ கவலை வடத்தையோ இரவல் கொடுப்பதுபோல் அதனை இரவல் கொடுக்க முடியாது.

சட்டத்தின் 3ஆவது பிரிவில் ஒரு சிறு சலுகை உண்டு. லைசென்சுதாரரின் முன்னிலையிலோ, அவர் எழுத்து மூலம் கொடுத்த அதிகாரத்தின் பேரிலோ, லைசென்சு இல்லாத வேறொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதுவும் மூன்று காரியங்களுக்கு மட்டுமே: பழுது பார்ப்பதற்கு, லைசென்சைப் புதுப்பிப்பதற்கு, லைசென்சுதாரரே உபயோகிப்பதற்கு. தங்களுடன் வரும் ஆள் துப்பாக்கியைச் சுமந்து வரலாம். தாங்கள் ஊரில் இல்லாதபோது அதனை வைத்துக்கொண்டு அவர் காவல் காக்க இச்சலுகை இடந்தராது.

மீறினால் இருவருக்கும் கேடு. லைசென்சின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 ஆண்டுக்குக் குறையாமலும் 5 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. வாங்குபவருக்கு அதனை வைத்திருக்கும் உரிமை உண்டா என்று முன்கூட்டி விசாரித்து அறியாமல் கொடுப்பதும் 29ஆவது பிரிவின்படி குற்றமே. "நல்லவன் என்று நினைத்தேன்" என்பது சட்டத்தின்முன் விசாரணை ஆகாது. தங்கள் உதவியை நாடி வந்த அந்தக் கூலியாளுக்கும் நாம் சிறைவாசலைத் திறந்துவிடுகிறோம் என்பதை மறத்தலாகாது.

திருமண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுவோர் உண்டு. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி இவ்வாறு சுடுவதற்கு, மேற்படி 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. மேலே சென்ற குண்டு கீழே வந்தே தீரும் அல்லவா?

சட்டம் ஒருபுறம் இருக்க, துப்பாக்கியின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதியவர் தங்கள் துப்பாக்கியை அறியார். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வெளிப்பார்வைக்கு வெறுமையாகத் தோன்றும். உள்ளே மருந்து இருக்கும். அதனை அறியாமல் மீண்டும் ஒரு முறை கெட்டித்துச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். கருமருந்துக்கென அமைந்த துப்பாக்கியில் தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்தை இட்டாலும் அதே கதிதான். தோட்டாத் துப்பாக்கியிலும் அபாயம் குறைவன்று. 12ஆம் எண் துப்பாக்கியில் 20ஆம் எண் தோட்டாவைத் தவறிப் போட்டால், அது வழுக்கிச் சென்று குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். பின்னால் சரியான தோட்டாவை இட்டுச் சுடும்போது குழல் சிதறி, சுடுபவரின் கையையே பறித்துவிடும். ஆகவே பிறர் கைக்குப் போய் வந்த துப்பாக்கியை, பழுது பார்த்து வந்ததாயினும், மருந்து இருப்பதாகவே கருதிச் சோதித்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். சோதிக்கும்போது குழலின் வாய் எந்த மனிதரையும் நோக்கி இருத்தலாகாது.

இன்னொன்றும் கூற வேண்டும். பயிர்க் காவல் லைசென்சு பெற்றதனால் மட்டும் காட்டுப் பன்றியையோ மயிலையோ சுடும் உரிமை வந்துவிடாது. அவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. இதனை அறியாத காவலாளி சுட்டால், வழக்கு துப்பாக்கிக்கு உரியவரையும் தேடி வரும்.

அப்படியாயின் வெளியூர் செல்பவர் என் செய்வது? துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, ஆயுதங்களைப் பத்திரப்படுத்த லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறலாம். தேர்தல் காலங்களில் இவ்வாறு ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற அனுபவம் பலருக்கு உண்டு. ரசீதில் துப்பாக்கியின் எண்ணும், லைசென்சு எண்ணும், தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது, அவர் அத்தொழிலுக்கு லைசென்சு பெற்றவர்தாமா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தையும் தோட்டாவையும் தனியே வைத்துப் பூட்டிச் சாவியைத் தம் வசமே வைத்துக்கொள்ளல் வேண்டும். லைசென்சு தவணை முடியும் நாளையும் கவனித்து வர வேண்டும். பயிர்க் காவலுக்கு வேறொருவர் அவசியமாயின், அவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தம் பெயரில் முறைப்படி விண்ணப்பம் செய்துகொள்வதே நேர்வழியாகும்.

முதியவர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "துப்பாக்கியை ஸ்டேஷனில் வைத்துவிடலாமுங்க. கடலையை யார் காப்பது?" என்றார். நியாயமான கேள்வி. பட்ட கடன் நிலத்தின்மேல் நிற்கிறது. விளைந்த பயிரோ காட்டின் ஓரத்தில் நிற்கிறது. என்னிடம் உடனே விடை இல்லை. அருகிலிருந்த அங்கத்தினர்களே விடை கண்டனர். அடுத்தடுத்த நிலத்தார் நால்வர், அந்தக் காவலாளியையும் சேர்த்துக்கொண்டு, டார்ச் விளக்கும் தகர டப்பாவுமாக இரவில் முறைவைத்துக் காப்பது என்று அன்றே பேசி முடித்தனர்.

அடுத்த முறை நான் சென்றபோது, துப்பாக்கி ரசீதை முதியவர் கடன் பாஸ் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்ததைக் காட்டினார். ஓரிரு பாத்திகளில் சேதம் உண்டென்றும் சொன்னார். "போனால் போகட்டுமுங்க. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்றார்.

அவர் அந்தக் காவலாளியை நம்பாமல் விட்டுவிடவில்லை. அவருக்குத் தக்க வேலையைக் கொடுத்து நம்பினார். கொடுக்கத் தகாததை மட்டும் கொடுக்கவில்லை. லைசென்சுத் துப்பாக்கி வைத்திருக்கும் அங்கத்தினர் யாவரும் இந்த வேற்றுமையை மனத்திற்கொண்டு நடப்பார்களாக.