பகல் தூக்கத்துக்கு ஓர் அறை

மதுரைக்கு இரண்டு நாள் போய்வரலாம் என்று நினைத்ததும் கோயில், மகால், ஜிகர்தண்டா என்று கை தானாகவே ஒரு பட்டியல் போட்டுவிடும். முதல் தடவை நானும் போட்டேன். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு மனைவி, மகளோடு தெற்குக் கோபுர வாசலில் வந்து நின்றால் நடை சாத்தியாகிவிட்டது. இனி நான்கு மணிக்குத்தான். கல்தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஆட்டோக்காரர் ஆறுதல் சொன்னார்: "ஆத்தாளே தூங்கப் போயிருச்சு, நீங்க ஏண்ணே வெயில்ல அலையிறீங்க? ரூமுக்குப் போய்ப் படுங்க."

எங்கள் ரூமோ வைகைக்கு அக்கரையில். போய்த் திரும்பினால் ஆட்டோவுக்குக் கொடுத்தே மாளாது. மூன்று மணி நேரத்தை ஒரு ஜவுளிக்கடையின் ஏசிக்குக் கீழே, வாங்க நினைக்காத புடவைகளைப் பிரித்துப் பார்த்தே ஓட்டினோம்.

அதற்குப் பிறகு நான்கைந்து முறை போய்விட்டேன். ஆட்டோக்காரர் சொன்னதைத் தாண்டிய யோசனை எதுவும் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். அந்த இரவைப் பார்க்க வேண்டுமென்றால் பகலில் படுத்தாக வேண்டும். அறையை அந்தத் தூக்கத்துக்காகத்தான் பிடிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இடம் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும்தான். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே வந்துவிடலாம், கோயிலுக்கும் நடைதான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்த தெருக்கள் இவை. சர்வேயர் மாரட்டின் பெயரில் மாரட் வீதி, வேலையை முன்னின்று நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரில் இன்னொன்று. சர்வேயருக்குச் சமமாக ஒரு மேஸ்திரி தெருப்பெயரில் உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

லாட்ஜில் வாடகையைக் கேட்பதற்கு முன், "செக்-அவுட் எத்தனை மணி?" என்று கேளுங்கள். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடிவதற்குள் இறக்கிவிடும். திரும்பும் வண்டி மறுநாள் இரவு ஒன்பதரை வாக்கில். மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கு வைத்திருக்கும் ஓட்டலில் இந்த இரண்டு பகல், ஓர் இரவுக்கு மூன்று நாள் வாடகை விழும். 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் இரண்டுதான். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. "கோபுரம் தெரியும் அறை" என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எங்களுக்கு ஒருமுறை தெரிந்தது. குளியலறை ஜன்னலில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால்.

விடிகாலையில் வந்து இறங்கியதும் குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விட வேண்டும். ஆறு, ஆறரைக்கு ஆடி வீதியில் காலுக்குக் கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. கைப்பேசியை அறையிலேயே விட்டுவிடுங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு உள்ளே அதற்கு அனுமதியில்லை. மகள் முதலில் முணுமுணுத்தாள். பிறகு ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். 985 என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது.

இட்லி சாப்பிட்டுவிட்டு மேல மாசி வீதியில் ஒரு கதர்க் கடையின் மாடியை எட்டிப் பாருங்கள். காந்தி 1921 செப்டம்பர் 22-ல் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான். ஆற்றைத் தாண்டி, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தில் அவருடைய ரத்தக்கறை படிந்த ஆடை இருக்கிறது. மகாலுக்குப் பதினொரு மணி போதும். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியதில் கால் பங்குதான் மிச்சம் என்கிறார்கள். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தால் அந்தக் கால் பங்கே எவ்வளவு என்று புரியும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மணிவரை தூக்கம்.

எழுந்தபின் தொடங்குவதுதான் மதுரை. மேலச் சித்திரை வீதியில் வெள்ளையப்பமும் காரச் சட்னியும். அங்கிருந்து நடந்தால் விளக்குத்தூண். ஜிகர்தண்டாக் கடையில் கொஞ்சம் ஒதுங்கி நின்று போடுபவரின் கையைப் பாருங்கள். அடியில் ஊறிய கடல்பாசி, அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், உச்சியில் கரண்டியால் வழித்துப் போடும் பழுப்பு நிற ஐஸ்கிரீம். மேலே வெறும் இனிப்பாக இருக்கும். கலக்காமல் குடித்து முடிப்பவர்கள் கடைசியில் பாசியை மட்டும் மென்றுகொண்டு விழிப்பார்கள். சுக்கு மணக்கும் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் அதையும் விட வேண்டாம்.

ராத்திரி ஒன்பதைத் தாண்டியதும் மறுபடி கோயில். சுந்தரேசுவரரின் பாதங்களைப் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். நாதஸ்வரம், சாம்பிராணிப் புகை, கூடவே வேகமாக நடக்கும் ஒரு சிறு கூட்டம். அது முடிந்து வெளியே வந்தால் சரியான பசி இருக்கும். கறி தோசைக்கு அதுதான் நேரம். கனத்த தோசை, மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு அழுத்தும்போது ஓரத்தில் பொரியும் எண்ணெய். இரண்டு பேருக்கு ஒன்று சொன்னால் போதும் என்று சொல்லித்தான் பார்க்கிறேன், யாரும் கேட்பதில்லை.

மறுநாள் விடியலில் சமணர் மலை. ஊருக்கு மேற்கே, கீழக்குயில்குடி அய்யனார் கோயிலருகே படிக்கட்டு தொடங்குகிறது. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள், பிறகு பாறை சுடும். சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளம். குளத்துச் சுவரில் உட்கார்ந்து அவித்த கடலை தின்பதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, அதற்காகத்தான் போகிறோம். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போது அறையே கிடைக்காது.

போன முறை ஞாயிறு மதியம் நான் பெட்டி கட்டத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு லாட்ஜ் பையன் கேட்டான்: "வண்டி ராத்திரிதானண்ணே? இப்பவே ஏன் கெளம்புறீங்க? ஃபேனைப் போட்டுட்டுப் படுங்க, ஆறு மணிக்கு நானே கதவைத் தட்டுறேன்."

ஐந்தே முக்காலுக்கே தட்டிவிட்டான், கையில் காப்பியோடு.