பூனைக்கும் சர்க்கரை வியாதி! சிவப்பு மூடி ஊசியால் நள்ளிரவில் வந்த ஆபத்து

திருச்சி புத்தூரில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணி.

கட்டிலுக்கு அடியில் "தட், தட்" என்று சத்தம். வீட்டுக்கார அம்மாள் எழுந்து விளக்கைப் போட்டார். செல்லப் பூனை ராஜா தரையில் கிடந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கண்கள் நிலைகுத்தி நின்றன.

"ஐயோ, எந்தப் பாவியோ விஷம் வச்சிட்டான்!" என்று அலறினார் அம்மாள்.

விஷம் அல்ல. அந்த வீட்டிலேயே பாசத்தோடு போட்ட ஊசிதான்!

கொலை, கொள்ளை, குழாயடிச் சண்டை என்று எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் நிருபருக்கு இந்தச் சேதி முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பூனைக்கு சர்க்கரை வியாதியா? பணக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்தேன். நேரில் போய் விசாரித்த பிறகு சிரிப்பு வரவில்லை. இந்தக் கேசில் சிக்கிய "குற்றவாளி", பேப்பர் படிக்கும் உங்கள் வீட்டு பிரிட்ஜ் பக்கத்திலேயேகூட இருக்கலாம்.

தண்ணீர் குடித்த பூனை

அந்த வீடு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடு தூரம். பெரியவர் ஒரு அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கே 20 வருஷமாக சர்க்கரை. காலையும் இரவும் தானே வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்.

அவர் சொன்னார்:-

"வாங்க தம்பி, உட்காருங்க. ராஜாவுக்கு ஒன்பது வயசு. அஞ்சு கிலோ. தண்ணிப் பக்கமே போகாத பய, பாத்ரூம் வாளியிலே தலையை விட்டுக் குடிக்க ஆரம்பிச்சான். மண் தட்டு எப்பப் பார்த்தாலும் ஈரம். மூணு வேளை சோறு போதலை. ஆனா முதுகெலும்பு தெரியுது. எனக்கு வந்தப்போ என்னென்ன வந்துச்சோ, அத்தனையும் அவனுக்கும் வந்துச்சு."

அப்புறம் நடையும் மாறியது. பூனை விரல் நுனியில் நடக்கிற ஜாதி. ராஜா பின்னங்கால் குதியைத் தரையில் ஊன்றி, முயல் மாதிரி நடந்தது. சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போனால் பூனை இப்படித்தான் நடக்கும்.

கால்நடை டாக்டரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. டாக்டர் அதோடு முடிவு கட்டவில்லை. ஏனென்றால் பூனைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கிற இடத்தில் உட்காரவைத்தால், வியாதியே இல்லாத பூனைக்கும் பயத்தில் சர்க்கரை எகிறிவிடும். எனவே சிறுநீரையும் பார்த்து, கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டுகிற "புரக்டோசமைன்" பரிசோதனையும் செய்தார்கள். சர்க்கரை வியாதி உறுதி ஆனது.

கொழுத்த ஆண் பூனை, காயடிக்கப்பட்டது, நடுவயது தாண்டியது, வீட்டுக்குள்ளேயே கிடப்பது. உலகம் பூராவும் சர்க்கரை வருகிற பூனையின் அடையாளம் இதுதான். ராஜா அச்சு அசல்! வேறு நோய்க்கு அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்ட பூனைக்கும் வருவது உண்டு.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து "கிளார்ஜின்" இன்சுலின். காலை 1 யூனிட், இரவு 1 யூனிட். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசியால் போடவேண்டும். ராஜா சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது பெரியவர் போட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு நாள் நல்லபடியாகப் போயிற்று.

நடந்தது என்ன?

ஏழாம் நாள் ஞாயிறு. பூனையின் ஆரஞ்சு மூடி ஊசி தீர்ந்துவிட்டது. பெரியவர் யோசித்தார். "நம்மகிட்டதான் சிவப்பு மூடி ஊசி டப்பா நிறைய இருக்கே. இன்சுலின் ஊசிதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று எடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு முறையும் "1" என்ற கோடு வரைதான் இழுத்தார். இரவில் ராஜா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எல்லாம் ஒன்று அல்ல!

நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டு ரக இன்சுலின் விற்கிறது. ஒரு ரகம், ஒரு மில்லிக்கு 40 யூனிட். பெரியவர் போட்டுக்கொள்வது அது. அதற்கு சிவப்பு மூடி ஊசி. இன்னொரு ரகம், ஒரு மில்லிக்கு 100 யூனிட். கிளார்ஜின் இந்த ரகம். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர்களுக்கு இது சுலபம். சிவப்பு ஊசியில் ஒரு கோடு என்பது மில்லியில் 40-ல் ஒரு பங்கு. அந்த ஒரு கோடு அளவுக்கு 100 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒன்று போடவேண்டிய இடத்தில் இரண்டரை!

தலைகீழாக மாற்றினாலும் வம்புதான். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு ஊசியில் இழுத்தால் பாதிகூடப் போகாது. "மருந்து வேலை செய்யலையே" என்று அளவைக் கூட்டுவார்கள். அடுத்த வாரம் சரியான ஊசி கைக்கு வரும். அன்றைக்கு ஆபத்து.

இது பூனை வளர்ப்பவர் சமாசாரம் மட்டும் அல்ல. மனிதர்களுக்கும் இதே கணக்குதான். பாட்டில் மேலே இருக்கும் 40 அல்லது 100, ஊசி மேலே இருக்கும் 40 அல்லது 100, இரண்டும் ஒன்றா என்று பார்த்துவிட்டு இழுங்கள். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணையும் படியுங்கள்.

சர்க்கரை டப்பா காப்பாற்றியது

அலறிய அம்மாள் அலறியபடியே நிற்கவில்லை. சமையலறைக்கு ஓடினார்.

"போன வருஷம் இவருக்கு சர்க்கரை இறங்கி இப்படித்தாங்க கிடந்தாரு. அதைப் பார்த்தவ நான். ராஜாவைப் பார்த்ததும் அதே ஞாபகம்தான்" என்றார் அம்மாள்.

சர்க்கரையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பூனையின் உதட்டை விலக்கி ஈறில் தடவினார். தேன் இருந்தால் தேனையே தடவலாம். ஆனால் வலிப்பு வரும்போது வாயில் ஊற்றக்கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும். பல்லுக்கு நடுவே விரலையும் விடக்கூடாது. தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கண் திறந்துவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டால், மறுபடியும் இறங்கும். போட்ட இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும்.

பெரியவர் லுங்கியோடு நால் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தார். டாக்டர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊசியிலே போட்டீங்க?"

"அந்தக் கேள்வியிலேயே எனக்கு உசிரு போயிடுச்சு தம்பி" என்றார் பெரியவர். விடிய விடிய குளுகோஸ் ஏறியது. காலை ஐந்தரை மணிக்கு ராஜா தலையைத் தூக்கியது.

சர்க்கரை ஏறினால் பூனை மாதக்கணக்கில் உருகும். இறங்கினால் சில மணி நேரம்தான். எனவே பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான அளவைப் போடக்கூடாது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஊசி போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் குடி முழுகாது. இரண்டு தடவை போட்டால் முழுகிவிடும். பெரியவர் வீட்டில் இப்போது காலண்டரில் பேனாவால் டிக் போடுகிறார்கள்.

பால் சோறு வேண்டாம்

ராஜா ஒன்பது வருஷமாகச் சாப்பிட்டது பால் சோறு, இட்லி, டீயில் நனைத்த பிஸ்கட். ஞாயிறு மட்டும் மீன் தலை. நம் வீட்டுப் பூனைகள் எல்லாமே இப்படித்தானே வளர்கின்றன! ஆனால் பூனை மாமிசப் பிராணி. அரிசியும் ரொட்டியும் அதன் உடம்புக்குப் பழக்கம் இல்லாதவை.

இப்போது அம்மாள் குழுமணி ரோடு காசிவிளங்கி மார்க்கெட்டில் மீன் வாங்கி, வேகவைத்து, முள் எடுத்து வைக்கிறார். கோழியும் முட்டையும் உண்டு. உப்பு, வெங்காயம் கிடையாது. வெங்காயம் பூனைக்கு விஷம். வெறும் மீனும் கறியுமே கொடுத்தாலும் சுண்ணாம்புச்சத்து குறைந்துபோகும் என்பதால், டாக்டர் சொன்ன ஈரத் தீனி பாக்கெட்டும் நடுநடுவே வருகிறது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தானாகவே இறங்கும். பழைய அளவு ஊசியையே போட்டுக்கொண்டிருந்தால் மறுபடியும் நள்ளிரவு ஆட்டோதான். தீனியை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லவேண்டும். நாம் விழுங்குகிற சர்க்கரை மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் கூடாது.

பூனைக்கு என்றே மாத்திரை இல்லையா என்று கேட்டேன். 2022 டிசம்பரில் அமெரிக்கா ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் ஏற்கனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று அதன் விதியிலேயே இருக்கிறது. ராஜாவுக்கு ஊசிதான்.

மாடும் பூனையும்

இன்சுலின் கதையே பிராணிகளிடம் இருந்து வந்த கதைதான். 1921-ல் கனடாவில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதலில் போட்டார்கள். ரொம்ப காலம் மாடு, பன்றியின் கணையத்தில் இருந்துதான் மனிதனுக்கு மருந்து எடுத்தார்கள். பூனையின் இன்சுலினும் மாட்டின் இன்சுலினும் கிட்டத்தட்ட ஒன்று. 51 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! வாளித் தண்ணீர் குடித்த ராஜாவுக்கு எவ்வளவு பெரிய சொந்தபந்தம் பாருங்கள்.

மருந்து பாட்டில் பிரிட்ஜில் இருக்கவேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும் கெட்டுவிடும்.

ரத்தம் பார்க்க அம்மாளே பழகிவிட்டார். காது ஓரத்தை உள்ளங்கையால் சூடு பண்ணி, ஊசி முனையால் ஒரு குத்து. ஒரு துளி போதும். பெரியவர் மிஷினிலேயே பார்க்கலாம். ஆனால் மனிதனுக்கு என்று செய்த மிஷின் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதனால் ஒரு தடவை டாக்டர் லேபில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சேதி பெரியவருக்கு லேசான பொறாமை. சீக்கிரம் கண்டுபிடித்து, ஊசியும் தீனியும் சரியாகப் போனால், சில பூனைகளுக்கு சில மாதத்தில் ஊசியே தேவைப்படாமல் போவது உண்டு. திரும்பவும் வரலாம் என்பதால் கண்காணிப்பை மட்டும் விடக்கூடாது. "இருபது வருஷமா குத்திக்கிறேன், எனக்கு அந்த யோகம் இல்லை" என்று சிரித்தார்.

கிளம்பும்போது வாசல் குப்பைக் கூடையைப் பார்த்தேன். நகரசபைச் சேதிகள் எழுதுகிறவன் கண் அங்கேதானே போகும்! ஊசி ஒன்றுகூட இல்லை. தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடி, தனியாக வைத்திருந்தார்கள். பயன்படுத்திய ஊசியை மற்ற குப்பையோடு கலக்காமல் ஆபத்தான வீட்டுக்கழிவாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். வெறுங்கையால் குப்பை அள்ளும் அம்மாவுக்குக் குத்தினால் யார் பொறுப்பு?

அலமாரியில் இரண்டு டப்பா. ஒன்றில் "அப்பா" என்றும் மற்றதில் "ராஜா" என்றும் பேரன் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். இரண்டும் ஒரே தட்டில் இல்லை.

மணி ஏழு ஆயிற்று. "என்னங்க, ராஜா சாப்பிட்டாச்சு. அவனுக்குப் போட்டுட்டு நீங்களும் போட்டுக்கிட்டு வாங்க, தோசை ஊத்தறேன்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.